வம்சப் படத்தில் ஒரு பெயர்

1

வுடி கத்ரியின் குரலை நான் முதலில் கேட்டது ஒரு நண்பரின் அறையில், கீறல் விழுந்த இசைத்தட்டு ஒன்றில். பாட்டில் பாதி வார்த்தை பிடிபடவில்லை. அந்தக் குரலில் இருந்த புழுதியும் அலட்சியமும் பிடித்துப்போயின. அமெரிக்காவில் முப்பதுகளில் புழுதிப் புயலில் நிலமிழந்து மேற்கே போன விவசாயிகளோடு திரிந்தவர்; அவர்களுடைய பாட்டுக்காரர். தமது கிதாரின் மேல் 'இந்தக் கருவி பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று எழுதி வைத்திருந்தவர். கலைஞனின் சார்பு பற்றி நாங்கள் ஓயாமல் சண்டையிட்டுக் கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வாசகம் ஒரு தரப்புக்கு ஆதாரமாகவும் மறு தரப்புக்குக் கேலிப் பொருளாகவும் பயன்பட்டது. கத்ரி எப்படி இறந்தார் என்று எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் 1967 அக்டோபர் 3-ம் தேதி நியூயார்க்கில் ஒரு மனநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது 55. அதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே கழிந்தன. முதலில் குடி என்றார்கள். பிறகு ஸ்கிஸோஃப்ரினியா என்றார்கள். 1952-ல்தான் வியாதியின் சரியான பெயர் சொல்லப்பட்டது: ஹண்டிங்டன் கொரியா. கொரியா என்றால் கிரேக்க மொழியில் நடனம். கையும் காலும் முகமும் தம் இஷ்டத்துக்கு அசையும், பேச்சு குழறும், காரணமில்லாத கோபமும் சோர்வும் வரும், நினைவும் நிதானமும் கரையும். பொதுவாக முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் தொடங்கிப் பதினைந்து இருபது வருஷத்தில் ஆளை முடித்துவிடும். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. கத்ரியின் தாய் நோரா 1927-ல் ஓக்லஹோமா மாநிலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தவர். கத்ரிக்கு மூன்று திருமணங்கள், எட்டுப் பிள்ளைகள். அவர்களில் இருவர் பின்னர் இதே வியாதியில் போனார்கள்.

கத்ரி பிறந்தது 1912 ஜூலை 14-ல். அவருடைய இருபத்தொன்றாவது பிறந்த நாளன்று, 1933 ஜூலை 14-ல், ஹிட்லரின் அரசு ஜெர்மனியில் ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை வியாதியுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம். கட்டாயக் கருத்தடைக்கு உரிய வியாதிகளின் பட்டியலில் ஹண்டிங்டன் கொரியா பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. தேதிகளின் ஒற்றுமைக்கு அர்த்தம் கற்பிக்க நான் ஜோசியன் இல்லை. ஆனால் கிதாரின் மேல் அந்த வாசகத்தை எழுதிய கை, அந்தப் பட்டியலில் இருந்த வியாதியைத் தன் ரத்தத்தில் வைத்திருந்த கை என்று தெரிந்தபின், எங்கள் பழைய சண்டைகளெல்லாம் எனக்கு வேறு மாதிரித் தோன்றத் தொடங்கின. சார்பு என்பது அபிப்பிராயங்களின் விஷயம் என்றே பேசிக் கொண்டிருந்தோம். உடம்பும் ஒரு தரப்பில் நிற்க நேரும் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. இந்த வியாதியின் சரித்திரத்தை நான் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

2

நியூயார்க்குக்குக் கிழக்கே கடலில் நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டின் கோடிப் பக்கம் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊர். அங்கே ஹண்டிங்டன் குடும்பத்தில் தாத்தா வைத்தியர், அப்பா வைத்தியர். பேரன் ஜார்ஜ் சிறுவனாக அப்பாவோடு வண்டியில் போகும்போது மரங்கள் அடர்ந்த ஒரு பாதையில் இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். தாயும் மகளும். நெட்டையாக, வற்றிப்போய், குனிந்தும் நெளிந்தும் முகத்தைச் சுளித்துக்கொண்டும் வந்தார்கள். பையன் மிரண்டு போனான். அப்பா வண்டியை நிறுத்தி அவர்களோடு பேசினார். பிறகு வண்டி நகர்ந்தது. தம் வைத்தியப் படிப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று ஜார்ஜ் ஹண்டிங்டன் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

1872 பிப்ரவரியில் ஒஹையோவின் மிடில்போர்ட்டில், உள்ளூர் வைத்தியர்களின் சபை ஒன்றில் அவர் கொரியா பற்றிக் கட்டுரை வாசித்தார். அப்போது வயது 21. ஏப்ரலில் அது ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் அச்சாயிற்று. கட்டுரையின் பெரும்பகுதி சாதாரணக் கொரியா பற்றியது. கடைசியில் சில பத்திகளில் மட்டும், தம் ஊர்ப் பக்கத்தில் காணும் ஒரு தனி வகையைச் சொல்கிறார். அதற்கு மூன்று குணங்கள்: பரம்பரையாக வருவது, சித்தப் பிரமைக்கும் தற்கொலைக்கும் இழுத்துச் செல்வது, வயது வந்த பிறகே தலைகாட்டுவது. ஒரு தலைமுறையில் இழை அறுந்துவிட்டால் அந்தக் கிளையில் மீண்டும் வருவதில்லை என்றும் எழுதினார். மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சி 1866-ல் அச்சாகி, கவனிப்பாரற்றுக் கிடந்த காலம் அது. உலகம் அதை மீண்டும் கண்டெடுத்தது 1900-ல். மெண்டலை அறியாத ஓர் இளைஞர் மெண்டலின் விதியை ஒரு மனித வியாதியில் கண்டு சொல்லிவிட்டார். அவர் மேதை என்பதனால் இது நடக்கவில்லை. தாத்தாவும் அப்பாவும் அதே குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். அவர்களுடைய குறிப்புகள் அவரிடம் இருந்தன. ஓர் ஆயுளில் பார்க்க முடியாததை மூன்று ஆயுள்கள் பார்த்தன. அவர் அதன்பின் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. கிராமத்து வைத்தியராகவே இருந்து 1916-ல் இறந்தார்.

அவ்வூர்க்காரர்கள் இந்த வியாதியின் பெயரைச் சொல்வதில்லையாம். தவிர்க்க முடியாதபோது 'அந்தக் கோளாறு' என்பார்களாம். இதைப் படித்தபோது எனக்கு என் பெரியம்மா நினைவுக்கு வந்தாள். அவளுக்கு என்ன வியாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனம் பேதலித்திருந்தாள், கொல்லைப்புறத்து அறையில் இருந்தாள். என் அக்காவுக்குப் பெண் பார்க்க வந்த நாட்களில் அந்த அறைக் கதவு சாத்தப்பட்டது. அம்மா அதைச் 'சமாசாரம்' என்று மட்டும் சொல்வாள். 'சமாசாரம் வெளியே தெரிந்தால் போச்சு.' ஒரு குடும்பம் தன் ரத்தத்தைப் பற்றி எதைப் பயப்படுகிறது என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை.

ஆனால் ஈஸ்ட் ஹாம்ப்டன் எங்கள் வீட்டைவிட மேலாக இருந்திருக்கிறது. ஆலிஸ் வெக்ஸ்லர் என்ற சரித்திர ஆசிரியை 2008-ல் இவ்வூரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1806-ல் ஃபீபி ஹெட்ஜஸ் என்ற பெண் கடலுக்குள் நடந்து போய் உயிரை விட்டதிலிருந்து நூல் தொடங்குகிறது. அவள் தாய்க்கும் அந்த வியாதி. எனினும் இந்தக் குடும்பங்களை ஊர் ஒதுக்கவில்லை என்பது ஆலிஸின் கண்டுபிடிப்பு. அவர்களுக்கு நிலம் இருந்தது. பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். ஊர்ப் பொறுப்புகளிலும் இருந்தார்கள். பயம் இருந்தது, அதோடு கூடவே பழக்கமும் இருந்தது. வண்டியை நிறுத்திப் பேசிய வைத்தியர் அந்தப் பழக்கத்தைச் சேர்ந்தவர். ஆலிஸ் வெக்ஸ்லர் யார், அவருக்கு இதில் என்ன அக்கறை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

3

அதே லாங் ஐலண்டில், ஈஸ்ட் ஹாம்ப்டனுக்கு மேற்கே, கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர் என்ற இடத்தில் 1910-ல் சார்லஸ் டேவன்போர்ட் ஒரு நிலையம் தொடங்கினார். யூஜெனிக்ஸ் பதிவு நிலையம். நல்ல ரத்தத்தைப் பெருக்கவும் கெட்ட ரத்தத்தைக் குறைக்கவும் வேண்டும். அதற்கு முதலில் யாருடையது எந்த ரத்தம் என்று பதிய வேண்டும் என்பது கொள்கை. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வியாதி கண்டவருக்கு உள்ளே கறுப்பு. இந்த வம்சப் படம்தான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். ஹண்டிங்டன் தம் ஞாபகத்திலும் தாத்தாவின் குறிப்புகளிலும் வைத்திருந்ததை டேவன்போர்ட்டின் ஆட்கள் கறுப்பும் வெள்ளையுமாகத் தாளில் இறக்கினார்கள். கணக்கு ஒன்றேதான்.

1916-ல், ஹண்டிங்டன் இறந்த அதே வருஷம், டேவன்போர்ட்டின் அறிக்கை வந்தது. எலிசபெத் மன்ஸி என்ற பெண் வைத்தியர் திரட்டிய விவரங்கள்: 962 நோயாளிகள். இவர்களெல்லாம் பதினேழாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஒரு கைப்பிடி ஆட்களின் சந்ததி என்றார் டேவன்போர்ட். அந்தக் கைப்பிடி ஆட்களை அன்றே கரையில் இறங்கவிடாமல் தடுத்திருந்தால் என்ற ஏக்கம் அறிக்கை நெடுகத் தெரிகிறது. நோய் கண்டவர்களுக்குக் கருத்தடை செய்வது தொலைநோக்குள்ள பரோபகாரம் என்பது அவர் முடிவு. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்று தெரிந்தும் சும்மா இருக்கும் அரசு மூடத்தனமான அரசு என்றார். இதை எழுதியவர் கொடூரமான மனிதர் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் கூட்டிக் கழித்துப் பார்த்தார், அவ்வளவுதான். கூட்டலில் பிழையும் இல்லை.

பிழையானது பின்னால் வந்தது. 1932-ல் வெஸ்ஸி என்ற வைத்தியர், 1630-ல் இங்கிலாந்தின் பியூர்ஸ் என்ற கிராமத்திலிருந்து கப்பலேறிய மூன்று பேரில் அமெரிக்காவின் ஹண்டிங்டன் நோய் முழுவதற்கும் மூலம் கண்டார். அவர்களுடைய வம்சத்துப் பெண்கள் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள் என்றும் கதை சேர்த்தார். பிந்திய ஆராய்ச்சியாளர்கள் மாதாகோவில் பதிவுகளையும் கோர்ட்டுப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்து அந்த வம்சாவளி நிற்காது, சூனியக் கதையும் நிற்காது என்று காட்டினார்கள். அதற்குள் கதை பாடப் புத்தகங்களில் ஏறிப் பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்துத் தேறிவிட்டார்கள். வியாதிஸ்தர்களை வேறொரு ஜாதி மனிதர்களாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கணக்கு மட்டும் போதவில்லை. ஒரு புராணமும் தேவைப்பட்டது.

டேவன்போர்ட்டின் நிலையத்தை நிர்வகித்தவர் ஹாரி லாஃப்லின். அவர் 1922-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் அமெரிக்க மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைக்கு வழிகாட்டியது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அத்தகைய சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1933-ன் ஜெர்மன் சட்டம் அந்த மாதிரிக்குக் கடன்பட்டது; நன்றிக்கடனாக ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1936-ல் லாஃப்லினுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. ஜெர்மனியில் ஏறக்குறைய 4,00,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள். 1939-ல் இன்னொரு படிவம் மனநோய் விடுதிகளுக்குப் போயிற்று. எந்தெந்த வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நிரப்பி அனுப்பச் சொன்ன அதிலும் ஹண்டிங்டன் பெயர் உண்டு. 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை அந்தப் படிவங்களைக் கொண்டு 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள்.

லாஃப்லினைப் பற்றி ஒரு செய்தி: அவருக்கே காக்காய் வலிப்பு இருந்தது. அவருடைய மாதிரிச் சட்டத்தில் கருத்தடைக்கு உரியவர்களில் வலிப்பு நோயாளிகளும் அடக்கம். அவர் வரைந்த வரைபடங்களில் அவர் பெயர் இல்லை.

இந்தச் சரித்திரத்தில் நான் நின்றுபோன இடம் இதுதான். பரம்பரை வியாதி பற்றிய அறிவு நல்லதா கெட்டதா என்று கேட்பது எனக்கு இப்போது அர்த்தமில்லாத கேள்வியாகப் படுகிறது. படம் ஒன்றேதான். அதை வரைகிறவர் தம் பெயரையும் அதில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறதா, படத்துக்கு வெளியே நின்று கொண்டு வரைகிறாரா என்பதைப் பொறுத்து அந்தப் படம் செய்யும் வேலை மாறிவிடுகிறது.

4

கத்ரி இறந்த 1967-லேயே, அவரை விட்டுப் பிரிந்த பின்னும் கடைசிவரை கவனித்து வந்த இரண்டாவது மனைவி மார்ஜோரி, இந்த வியாதியை எதிர்க்கும் குழு ஒன்றை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் கலிபோர்னியாவில் அவரோடு சேர்ந்தவர் மில்டன் வெக்ஸ்லர் என்ற மன ஆய்வாளர். அவர் மனைவி லியனோர் விலங்கியல் படித்தவர்; இளமையில் பழ ஈக்களை வைத்துப் பரம்பரையியல் ஆராய்ந்தவர். அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் ஹண்டிங்டன் வியாதியில் போயிருந்தார்கள். பெண்களுக்கு வராது என்று அவர் நம்பிக் கொண்டிருந்தார். 1968-ல் ஒரு நாள் காலையில் தெருவைக் கடக்கும்போது ஒரு போலீஸ்காரர், இந்த நேரத்திலேயே குடித்திருக்கிறாயே, வெட்கமாயில்லையா என்று கேட்டார். அதன்பின்தான் வைத்தியரிடம் போனார்கள். அவர் 1978-ல் இறந்தார்.

மில்டன் தம் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னார். மூத்தவர் ஆலிஸ், பிற்பாடு ஈஸ்ட் ஹாம்ப்டனின் சரித்திரத்தை எழுதியவர். இளையவர் நான்ஸி, மனோதத்துவம் படித்தவர். ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று சகோதரிகள் இருவரும் தீர்மானித்தார்கள்.

டேவன்போர்ட் சட்டத்தைக் கொண்டு சாதிக்க நினைத்ததைத்தான் இவர்கள் தாமாகவே செய்தார்கள், பலன் ஒன்றுதானே என்று கேட்கலாம். கணக்கில் ஒன்றுதான். கணக்குக்கு வெளியே இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றில் ஒருத்தி தன் வாழ்க்கையை எடைபோட்டுப் பார்க்கிறாள். மற்றதில் அவளை வேறொருவன் எடைபோடுகிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தாளில் ஒரே காலிக் கட்டமாகத் தெரியும் என்பதில்தான் அபாயம் இருக்கிறது. நூறு வருஷம் கழித்துப் படத்தைப் பார்ப்பவனுக்கு அந்தக் கட்டத்தை யார் காலியாக விட்டது என்று தெரியப்போவதில்லை.

வெனிசுலாவில் மாரகாய்போ ஏரிக்கரைச் சேரிகளில் இந்த வியாதி மலிந்து கிடப்பதை அமெரிகோ நெக்ரெட்டே என்ற வைத்தியர் 1955-ல் எழுதியிருந்தார். முதலில் அவரும் தெருவில் தள்ளாடியவர்களைக் குடிகாரர்கள் என்றே நினைத்தாராம். 1972-ல், ஹண்டிங்டன் கட்டுரையின் நூற்றாண்டையொட்டி ஒஹையோவில் நடந்த கூட்டத்தில், அவருடைய மாணவர் ஒருவர் அந்தக் கிராமங்களின் சினிமாப் படம் ஒன்றைத் திரையிட்டார். நான்ஸி 1979-ல் அங்கே போனார். 1981 முதல் இருபது வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் ஒரு குழுவோடு போய் வந்தார். தண்ணீரில் கால் நட்டுக் கட்டிய குடிசைகள், மீன்பிடித் தொழில், வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். 1800-களின் தொடக்கத்தில் வாழ்ந்த மரியா கொன்செப்சியோன் என்ற ஒருத்தியின் வழி வந்தவர்கள். பத்துத் தலைமுறை, 18,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். நான்ஸி வேலை பார்த்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்த வம்சப் படம் நடைபாதைச் சுவர் நெடுக ஒட்டப்பட்டிருந்தது.

ரத்தமும் தோல் துணுக்கும் கேட்டபோது கிராமத்தார் தயங்கினார்கள். நீங்கள் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். குழுவில் இருந்த ஒரு நர்ஸ் நான்ஸியின் கையைப் பிடித்துத் தூக்கி, தோல் வெட்டி எடுத்த வடுவை எல்லோருக்கும் காட்டினாள். இவளுக்கும் அந்த வடு இருக்கிறது பாருங்கள் என்றாள். இவள் தாய்க்கும் இதே வியாதி. தூரத்து வெள்ளைக்கார தேசத்திலும் இது உண்டு என்பதே அவர்களில் பலருக்குப் புதிய செய்தி. அந்த வடுவுக்குப் பிறகு ரத்தம் கிடைத்தது. 1916-ன் களப்பணியாளர்களிடம் காட்டுவதற்கு அப்படி ஒரு வடு இல்லை.

5

ஜீன் இருக்கும் இடம் தெரியாமல் அதன் அக்கம்பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊர் பேர் தெரியாத ஒருவரைத் தேடிப் போகிறோம். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசமரம் உண்டு என்று மட்டும் தெரிந்தால் மரத்தை வைத்துத் தெருவைப் பிடித்துவிடலாம். குரோமோசோமில் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் சில இடங்கள் அத்தகைய அடையாளங்களாக உதவும் என்று 1980-ல் சில விஞ்ஞானிகள் யோசனை சொன்னார்கள். பாஸ்டனில் ஜேம்ஸ் குஸெல்லா மாரகாய்போ ரத்தத்தில் ஒவ்வோர் அடையாளமாகப் பொருத்திப் பார்த்தார். எத்தனையோ வருஷம் பிடிக்கும் என்று எதிர்பார்த்த வேலை. முதல் பன்னிரண்டு அடையாளங்களுக்குள்ளேயே ஒன்று வியாதியோடு சேர்ந்து சேர்ந்து வந்தது. 1983 நவம்பரில் செய்தி அச்சாயிற்று: நாலாவது குரோமோசோம். தெருவைப் பிடித்தாயிற்று, வீட்டைப் பிடிக்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. 1993 மார்ச்சில் 58 விஞ்ஞானிகள், ஆளுக்கொரு பெயராக முந்தாமல், ஒரே கூட்டுப் பெயரின்கீழ் ஜீனை வெளியிட்டார்கள்.

ஜீனில் உள்ள விஷயம் எளிமையானது. டி.என்.ஏ. எழுத்துக்களில் சி-ஏ-ஜி என்ற மூன்று எழுத்து ஓரிடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பத்தைந்து தடவை வரை வந்தால் வியாதி இல்லை. நாற்பதும் அதற்கு மேலுமானால் வழக்கமான ஆயுள் வாழ்கிறவருக்கு வியாதி வந்தே தீரும். இடையில் 36-லிருந்து 39 வரை வரலாம், வராமலும் போகலாம். எண்ணிக்கை கூடக்கூட, பொதுவாக, வியாதி சீக்கிரம் தொடங்கும்.

தலையெழுத்து என்ற சொல் தமிழ் வாசகனுக்கு இங்கே உடனே வரும். எனக்கும் வந்தது. எழுத்து என்றால் எழுத்தேதான், எண்ணியும் சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஒப்புமையை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நம்முடைய ஊழில் ஒரு நியாயம் இருக்கிறது. முன் செய்த வினைக்கு வரவு செலவு இருக்கிறது. கோவலன் கொலையுண்டதற்குக் கூடக் காவியம் முற்பிறவியில் ஒரு காரணம் தேடித் தருகிறது. சி-ஏ-ஜி நாற்பத்திரண்டு தடவை வந்ததற்கு யாருடைய வினையும் காரணமில்லை. தாயிடமிருந்து வந்தது என்பதைத் தவிர அதில் தாயின் குற்றமும் இல்லை. வெஸ்ஸிக்குச் சூனியக்காரிகள் தேவைப்பட்டதும், எங்கள் வீட்டில் பெரியம்மாவின் ஜாதகத்தை நாலு ஜோசியர்களிடம் காட்டியதும் இந்த வெறுமையைத் தாங்க முடியாமல்தான் என்று நினைக்கிறேன். குற்றமில்லாத துன்பத்தை ஏற்றுக்கொள்வதைவிட ஒரு பாவத்தைக் கண்டுபிடிப்பது மனிதனுக்குச் சுலபமாக இருக்கிறது.

ரத்தச் சோதனை வந்தது. எண்பதுகளின் நடுவில் குடும்பத்தார் பலருடைய ரத்தத்தை ஒப்பிட்டுச் சொல்லும் சோதனை. 1993-க்குப் பின் ஒருவர் ரத்தத்திலேயே எண்ணிச் சொல்லும் சோதனை. இருபது வயதில், ஒரு குறையும் இல்லாதபோது, நாற்பதில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளலாம். தடுக்க மருந்து இல்லை. அசைவுகளைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. வியாதியின் போக்கையே மாற்றும் என்று மிகவும் எதிர்பார்க்கப்பட்ட ஒரு மருந்தின் பெரிய சோதனை 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. வேறு முயற்சிகள் நடந்து வருகின்றன. சோதனை வருவதற்கு முன் கேட்டபோது, ஆபத்தில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் செய்துகொள்வோம் என்றார்கள். வந்த பிறகு பல நாடுகளிலும் ஐந்தில் ஒருவர்கூட முன்வரவில்லை.

இந்தச் செய்தி என்னை மிகவும் தொந்தரவு செய்தது. என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான். பகுத்தறிவின் பெயரால், தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வது எப்போதும் மேல் என்று எழுதியும் பேசியும் வந்திருக்கிறேன். ஜாதகக் கட்டம் பொய் என்பதால் பார்க்க மறுத்தேன். மெய்யான ஒரு கட்டத்தை நீட்டினால் பார்த்திருப்பேனா? இவர்கள் பார்க்க மறுத்தது அறியாமையாலோ மூடநம்பிக்கையாலோ அன்று. எது தெரியவரும் என்பது நன்றாகத் தெரிந்தே மறுத்தார்கள். சோதனை வரவேண்டுமென்று உழைத்த நான்ஸி வெக்ஸ்லரே அதைச் செய்துகொள்ளவில்லை.

நோயாளிக் குடும்பங்களின் சர்வதேச அமைப்பும் நரம்பியல் வைத்தியர்களின் உலக சம்மேளனமும் சேர்ந்து வகுத்து 1994-ல் திருத்தி வெளியிட்ட நெறிகள் இந்த மறுப்பை மதிக்கின்றன. சோதனை அவரவர் விருப்பம். முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும். வயது வராத பிள்ளைகளுக்குக் கூடாது. முடிவு வேறு யாருக்கும் போகக் கூடாது. பிற பரம்பரை வியாதிகளுக்கான சோதனைகளுக்கும் இந்த நெறிகளே முன்மாதிரியாயின. ஆனாலும் அவிழாத முடிச்சு இருக்கிறது. பேரன் தெரிந்துகொள்ள விரும்புகிறான்; அவன் தாய் விரும்பவில்லை; வியாதி பாட்டிக்கு இருந்தது. பேரனுக்கு உண்டு என்று முடிவு வந்தால் அந்தக் கணமே தாய்க்கும் உண்டு என்றாகிவிடுகிறது. ஒருவனுடைய அறியும் உரிமை இன்னொருத்தியின் அறியாமலிருக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டுதான் நிறைவேறுகிறது. வம்சப் படத்தில் எந்தக் கட்டமும் தனிக் கட்டம் இல்லை. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம், ஜீனைக் காட்டி வேலை மறுக்கவும் வைத்தியக் காப்பீடு மறுக்கவும் கூடாது என்றது. ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை.

6

2020 மார்ச்சில், 74-வது வயதில், தமக்கு வியாதி இருப்பதை நான்ஸி வெக்ஸ்லர் பகிரங்கமாகச் சொன்னார். நடையிலும் பேச்சிலும் அது சில வருஷங்களாகவே தெரிந்து கொண்டிருந்தது. அவருடைய கட்டம் முதலிலிருந்தே படத்தில் இருந்தது. உள்ளே கறுப்பா வெள்ளையா என்று தெரியாமலேயே ஐம்பது வருஷம் அவர் மற்றவர்களுடைய கட்டங்களை நிரப்பிக் கொண்டிருந்தார்.

இதை ஒரு வீர சரித்திரமாக முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. மாரகாய்போ மக்களின் ரத்தத்தால் கண்டுபிடித்த ஜீன் உலகத்தின் பெரிய ஊர்களில் சோதனையாயிற்று, ஆராய்ச்சியாயிற்று, பல பேருக்குப் புகழாயிற்று. ஏரிக்கரையில் 1999-ல் நோயாளிகளுக்கான ஒரு இல்லம் திறக்கப்பட்டது; மருந்தும் உடையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆயினும் குடிசைகள் குடிசைகளாகவே நின்றன. 2010-களில் அந்த நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது வியாதிஸ்தர்களுக்கு உணவே அரிதாயிற்று. 2017 மே 18-ம் தேதி வத்திக்கானில் போப் பிரான்சிஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் குடும்பங்களை வரவேற்றார். இனி ஒளிக்க வேண்டாம் என்பது அந்தக் கூட்டத்தின் வாசகம். ஒளிக்காமலிருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. படத்தில் தம் பெயரையும் எழுதிக்கொண்டவர் நான்ஸி, அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை முடிந்ததும் விமானமேறிப் போகக்கூடிய பெயர் அது. மற்ற 18,000 பெயர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பதையும் இந்தச் சரித்திரத்தின் பகுதியாகவே எழுத வேண்டும்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்ப வம்சாவளியை எழுதி வைத்திருந்தார். அழகான கையெழுத்து, ஐந்து தலைமுறை. அவர் காலமானபின் அது என்னிடம் வந்தது. இந்தக் கட்டுரைக்காகப் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தேன். தாத்தாவுக்கு நான்கு மக்கள் என்று போட்டிருந்தார். ஐந்து பேர். பெரியம்மாவின் பெயர் இல்லை. மாமா கெட்ட மனிதர் இல்லை. கடைசிவரை அவளுக்குச் சோறு போட்டவர் அவர்தான். எழுதும்போது மட்டும் கை நின்றிருக்கிறது.

அவள் பெயரை நான் எழுதினேன். அம்மாவின் பெயருக்கு இடது பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மாவின் பெயருக்குக் கீழே, மாமாவின் கையெழுத்தில், என் பெயர் ஏற்கனவே இருக்கிறது. என் பெயருக்குக் கீழே என் பிள்ளைகளின் பெயர்கள். அவளுக்கு என்ன வியாதி என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது.